பார்த்த இடத்தில் ஊசி இல்லை

வல்லத்திராக்கோட்டையில் சுகுணாவைப் பற்றி விசாரித்தால், "கல்ல டிவியில பாக்குற பொண்ணுதானே?" என்பார்கள். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குவதுதான் அவள் வேலை. ஆலங்குடியில் பிறந்து, இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, முத்துராமனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். முத்துராமன் துபாயில் ஏசி மெக்கானிக். வீட்டில் இருப்பது சுகுணாவும் மாமியார் உண்ணாமலையும் மட்டும். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும். அதில் அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கல்லில் துளி சுரண்டி எடுத்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள உலோகத் துண்டில் ஒட்டுவாள். கல்லில் மின்சாரம் ஓடாது என்பதால் அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் தங்கம் பூசுவாள். பிறகு மிஷினுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு எலக்ட்ரானைப் பாய்ச்சினால் திரையில் படம் வரும். தங்கம் என்று காதில் விழுந்த அன்றைக்கு உண்ணாமலை, "மிச்சம் மீதி கெடந்தா முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வரலாமுல்ல" என்று கேட்டு வைத்தாள்.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்தக் கேலியெல்லாம் ஓய்ந்துவிட்டது.

"கதிரு பாயுற மிசினுங்குற. வயித்துப் புள்ளைக்கு ஆகாதாத்தா. லீவப் போட்டுட்டு வீட்டுல இரு."

"எல்லாம் இரும்புச் சுவத்துக்குள்ளயே நின்னுருங்கத்தை. வெளிய ஒண்ணும் வராது."

உண்ணாமலை நம்பவில்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மருமகளின் வயிற்றில் திருநீறு பூசி அனுப்புவாள். பூசிய கையோடு சாப்பாட்டு டப்பா பக்கத்தில் இன்னொன்றையும் எடுத்து வைப்பாள். அது ஒரு பாக்கெட் பல்பம்.

மசக்கை விட்ட பிறகு பிடித்துக்கொண்ட ஆசை அது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற அதே வெள்ளைக் குச்சிதான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சுகுணாவின் கை தானாகப் பைக்குள் போகும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ரத்தம் குறைந்தால் இப்படி ஆசை வரும் என்று நர்ஸம்மா சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை குமட்டியது, பல்பம் இனித்தது. மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடந்தது. உண்ணாமலையும் கண்டுகொள்ளவில்லை. "ராமனச் சுமக்கையில நான் திங்காத பல்பமா" என்று சொல்லி, தானே கடைக்குப் போய் வாங்கி வருவாள். மிஷினுக்குப் பயந்து நடுங்கிய அந்த அம்மாள், கல்லைக் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், துறைத்தலைவர் மரியசெல்வம் ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆவூர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். பொடி ஏதோ ஒரு ரப்பர் கம்பெனி அனுப்பியது.

"மாக்கல் பவுடரும்மா. ஊசி கீசி இருக்கான்னு பாத்துச் சொல்லணுமாம்."

முதலில் தகடுகள்தான் தெரிந்தன. அப்பளத்தை அடுக்கி வைத்து ஓரத்தில் உடைத்துவிட்ட மாதிரி, மாக்கல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். சுகுணா படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு மூலையில் ஊசிகள் கிடந்தன. மெலிதாக, நீளமாக, கொத்துக் கொத்தாக. சாரைக் கூப்பிட்டாள். குனிந்து பார்த்தவர் முகம் மாறியது.

"அதேதான். ஆஸ்பெஸ்டாஸ் வகை. மாக்கல் வெட்டுற எடத்துல சில பாறையில இதுவும் கலந்து கெடக்கும். மூச்சுல போனா நுரையீரல்ல குத்தி நின்னுரும், கரையாது. முப்பது வருஷம் கழிச்சுக்கூட வேலையக் காட்டும்."

"மாக்கல்ல வேற என்னல்லாம் சார் செய்றாங்க?"

"கல்சட்டி, செல, மொகத்துக்குப் போடுற பவுடரு, சின்னப் புள்ளைக எழுதுற பல்பம்..."

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். சுகுணாவின் நாக்கில் காலையில் தின்றதன் மாவு ருசி இன்னும் இருந்தது.

"வயித்துக்குள்ள போனா சார்?"

"அது அவ்வளவு தெளிவாத் தெரியலம்மா. கல்ல யாரு திங்கப்போறா?" என்று அவர் சிரித்தார். சுகுணாவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஊரார் கொண்டுவரும் கல்லுக்கெல்லாம் ஜாதகம் சொல்கிறவளுக்கு, தான் தின்பதும் கல்தான் என்று ஒரு நாளும் உறைக்கவில்லை. படித்த லட்சணம் அப்படி. ஆனால் அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. பல்பத்தைக் கல் என்று யார்தான் நினைக்கிறார்கள்?

அன்றிலிருந்து அவள் தின்னவில்லை. தூக்கமும் இல்லை. வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். பல்பத்தைக் கடிக்கும்போது கிளம்பும் தூசியை எத்தனை முறை மூக்கை வைத்து ஆசையாக மோந்திருக்கிறாள். கண்ணை மூடினால் ஊசிக் கொத்துகள் வந்து நின்றன. பிள்ளை அசைந்தால் எதுவோ குத்தித்தான் துடிக்கிறதோ என்று பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். துபாய்க்குப் பேசும்போது குரலைச் சரிசெய்துகொண்டு, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

தின்ற பாக்கெட்டில் மிச்சமிருந்த பல்பம் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. மிஷின் எதிரிலேயே இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் யார் யாருடைய கல்லையோ பார்த்தாள், கைப்பையை மட்டும் திறக்கவில்லை. பார்க்காத வரைக்கும் அது வெறும் பல்பம். பார்த்து, ஊசி இருந்துவிட்டால்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. மதியம் வரை பொறுத்தாள். அதற்குமேல் தாங்க முடியாமல் அறைக் கதவைச் சாத்தினாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிளேடால் பல்பத்தைச் சுரண்டினாள். பாதி கீழே கொட்டியது. தங்கம் பூசி உள்ளே வைத்தாள். பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் ஆலங்குடி நாடியம்மனிலிருந்து ஆவூர் மாதா வரை எல்லாரையும் கூப்பிட்டாள்.

தகடு. நகர்த்தினாள், தகடு. இன்னும் நகர்த்தினாள், தகடுதான். மூச்சு கொஞ்சம் இறங்கியது. அப்போது திரையின் ஓரத்தில் நீளமாக ஒன்று எட்டிப் பார்த்தது. மெலிதாக, நேராக. சுகுணா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, மிஷினுக்குள் பல்பத் துகள் இருந்த மேடையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். சாய்ந்ததும் அது அகலமாகிவிட்டது. விளிம்பில் செங்குத்தாக நின்ற இன்னொரு தகடு, அவ்வளவுதான். அதே நேரம் வயிற்றுக்குள் பிள்ளை ஓர் உதை உதைத்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

பஸ் நேரம் வரைக்கும் தேடினாள். ஊசி ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். ஆனால் உட்கார்ந்து கை பைக்குள் போன நொடியில், ஒவ்வொரு அறிக்கையிலும் மரியசெல்வம் சார் எழுதச் சொல்லும் வரி நினைவுக்கு வந்தது. வெறுமனே "ஊசி இல்லை" என்று எழுத அவர் விடமாட்டார். "பார்த்த இடத்தில் ஊசி இல்லை" என்றுதான் எழுத வேண்டும். அன்றைக்கு அவள் பார்த்த இடம் மொத்தத்தையும் கூட்டினால் ஒரு கடுகுகூட வராது. அவள் தின்றதோ பாக்கெட் பாக்கெட்டாக. அதையெல்லாம் இனி எந்த மிஷினில் வைத்துப் பார்ப்பது? போன பயம் பஸ்ஸிலேயே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

வாசலிலேயே உண்ணாமலை பிடித்துக்கொண்டாள். "மொகம் ஏன் இப்புடி வெளிறிக் கெடக்கு? நான் சொன்னேன்ல, எல்லாம் அந்த மிசினுதான்."

"மிஷின் இல்லங்கத்தை" என்று ஆரம்பித்து, சுகுணா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாக்கல், ஊசி, நுரையீரல், பல்பம், எல்லாம்.

"ஒம் பல்பத்துல ஊசி இருந்துச்சா, அதச் சொல்லு."

"பாத்த எடத்துல இல்லங்கத்தை."

'இல்ல' என்றது மட்டும்தான் அந்த அம்மாள் மனசில் ஏறியது. "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று உள்ளே ஓடினாள். புதுப் பாக்கெட் ஒன்றோடு வந்தாள். "இந்தா. பயந்துக்கிட்டு நாளு கணக்காத் திங்காமக் கெடக்குற. புள்ள ஏங்கிப் போயிரும். இங்கிட்டு வந்து உக்காந்து தின்னு."

அட்டையைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. சுகுணாவின் வாயில் எச்சில் ஊறியது. கை நீண்டுவிட்டது. தன் கையைப் பார்த்துத் தானே பயந்துபோய், வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கத்தை. நான் பாத்தது ஒரு கடுகளவுகூட இல்ல. மிச்சத்த யாரும் பாக்கல."

"அப்ப இதுவரைக்கும் நீ தின்னது?"

"தெரியாதுங்கத்தை."

"எப்பத்தான் தெரியும்?"

"முப்பது வருஷம்கூட ஆகலாமுன்னு சார் சொன்னாரு."

உண்ணாமலை விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ராமனுக்கு இந்த ஆடியோட முப்பது முடிஞ்சுது."

"அத்தை, அது வந்து..."

"ஃபோனப் போடு."

போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் முத்துராமன் பதறினான். "என்னம்மா, டூட்டி நேரத்துல? சுகுணாவுக்கு ஏதும்..."

"அவ நல்லாருக்கா ராசா. சும்மாதான் கூப்புட்டேன். ஒனக்கு இருமல் கிருமல் ஏதும் இருக்கா?"

"ஏசி குழாயில ஒரே தூசிம்மா. லேசா இருமிக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன் கேக்குற?"

உண்ணாமலை ஃபோனைக் காதில் வைத்தபடியே மருமகளைப் பார்த்தாள். பல்பப் பாக்கெட் இன்னும் அந்த அம்மாள் கையிலேயே இருந்தது.