நிறுத்தின கம்பி

மின்சாரத்தோடு கொஞ்சம் சம்பந்தம் இருப்பவர் யாராக இருந்தாலும் செல்வாம்பாள் அக்கா அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். மீட்டர் கணக்கெடுக்க வருபவரிடம் கேட்டிருக்கிறார். மிக்சி ரிப்பேர் செய்பவரிடம் கேட்டிருக்கிறார். ஒருமுறை ஃபேன் விற்கிற கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக்கூட விடவில்லை.

"ஏம்மா, லைன நிறுத்திட்டா அந்தக் கம்பியில கரண்டு வருமா?"

வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவரை அக்கா முறைப்பார். பிறகு மீன் அன்னக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முத்தியால்பேட்டையில் என் தையல் கடை வாசலில்தான் அவர் கூடை இறங்கும். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்கு மீன் வாங்கும்போது பேரம் பேசாமல் இருக்க முடியாது, அவருக்குத் திட்டாமல் விற்க முடியாது. அப்படி ஆரம்பித்த பழக்கம்தான். அந்தக் கேள்வியின் காரணம் தெரியாமல் முதலில் நானும் சிரித்தவள்தான்.

அவருடைய புருஷன் கன்னியப்பனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டில் ஏறினால் வாந்தி. மீனவன் வீட்டில் பிறந்துவிட்டு இப்படியா என்று ஊரே கேலி செய்ய, அவர் ஒரு காண்டிராக்டரிடம் கரண்டு கம்பம் ஏறும் வேலைக்குப் போய்விட்டார். பல வருஷத்துக்கு முன் வந்த அந்தப் பெரிய புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்தபோது இரவு பகலாக வேலை இருந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கம்பத்தில் ஏறியவர் அங்கிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

லைன் நிறுத்தித்தான் இருந்தது என்று கூட நின்றவர்கள் சத்தியம் செய்தார்கள். அது பொய்யும் இல்லை. நிறுத்தின கம்பி ஆளை அடிக்காது. அப்படியானால் ஆள் குடித்திருக்க வேண்டும், இதுதான் ஊர் போட்ட கணக்கு. கன்னியப்பன் குடிப்பவர்தான், அக்காவே அதை மறைத்ததில்லை. ஆனால் அப்போது அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். ஊருக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. மாலையைப் போட்டுக்கொண்டே குடித்தான், சாமி தள்ளிவிட்டது என்று பேசினார்கள்.

உடலைக் குளிப்பாட்டும்போது வலது உள்ளங்கையில் கருகின தடம் ஒன்றை அக்கா பார்த்தார். கயிறு அறுத்த தடம் என்றார்கள். கயிறு அறுத்தால் கருகுமா?

அவர்கள் மகள் அன்புசெல்வி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சாமியையே ஏமாற்றினவன் மகள் என்று சக பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தாள். இன்று அவள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், நன்றாகச் சம்பாதிக்கிறாள், அம்மாவுக்கு ஒரு குறை வைப்பதில்லை. ஆனால் அப்பாவின் படத்துக்கு மட்டும் விளக்கேற்ற மாட்டாள். "எங்கப்பா குடிச்சிட்டுதாம்மா ஏறுச்சு. நீ மனச தேத்திக்கக் கத கட்டுற" என்று சொல்லிவிடுவாள். அக்காவுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்த ஒரு விளக்குதான். அதற்குத்தான் இத்தனை வருஷமாகக் கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக் கூரையில் கரண்டு செய்யப் போகிறார் என்றதும் நான் நம்பவில்லை. சுவிட்சைக்கூடத் துடைப்பக் கட்டையால் தட்டுகிற ஆள் அவர்.

ஏற்பாடெல்லாம் அன்புசெல்விதான். மீன் வைக்கப் பெரிய ஃப்ரீசர் பெட்டி வாங்கியிருந்தார்கள். அதற்கு ஆகும் கரண்டுக்கு மாடியில் சோலார் போட்டால் அரசாங்கம் மானியம் தரும், மிச்சத்துக்குப் பேங்கில் குறைந்த வட்டிக்குக் கடன் தருவார்கள் என்று செல்போனிலேயே எழுதிப் போட்டாள். பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணு வெளங்கல. கடன் குடுக்கிறது கெவுருமெண்டு. கரண்டு செய்யறது என் மாடி. மிச்சமானா அத கெவுருமெண்டே கம்பி வழியா எடுத்துக்குமாம். அப்ப யாரு யாருக்குக் கடங்காரங்க?"

"உங்களுக்கு என்னாத்துக்கு அதெல்லாம்? பில்லு கம்மியா வந்தா சரி" என்றேன்.

"பேங்கு சாருகிட்டயும் கேட்டேன்."

"கடனப் பத்தியா?"

"இல்ல, நிறுத்தின கம்பியப் பத்தி."

அந்த மனிதர் பாவம், இது கடன் சம்பந்தமான சந்தேகம் என்று நினைத்து மேனேஜர் அறைக்கு அனுப்பினாராம். மேனேஜரும் வராது என்று சொல்லிவிட்டார்.

சோலார் பலகைகளைப் பொருத்த வந்தவர் விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த வாரமே, கண்ணாடிபோல வழவழப்பாக, வெயிலுக்கு நேராக, தண்ணீர் வடியச் சரிவாக இப்படி ஒரு இடம் எங்கே கிடைக்கும் என்று பலகைகள் முழுக்க நெத்திலியைப் பரப்பிக் கருவாடு காயவைத்துவிட்டார். கரண்டு வரவில்லை என்று புகார் போனது. பார்க்க வந்தவர் மாடியில் காக்காய்க் கூட்டத்தைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். "வெயில்லதான் கரண்டுன்னு நீதான சொன்ன? மீனும் வெயில்லதான காயுது?" என்று அக்கா அவரையே மடக்கினார்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அதற்கு முன்பே வஞ்சிரமும் கொடுவாவும் வாங்கிப் பெட்டி நிறைய அடுக்கிவிட்டார். எனக்கும் ஒரு வஞ்சிரம் எடுத்து வைப்பதாக வாக்கு. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையும் பேசியாயிற்று, ஊரே இருண்டாலும் என் வீட்டில் கரண்டு இருக்கும் என்று.

ஊர் டிரான்ஸ்பார்மர் ஒருநாள் புகைந்து நின்றது. அக்கா வீட்டிலும் எல்லாம் நின்றது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பலகைகள் மாடியில் பளபளக்கின்றன, பெட்டி மட்டும் ஓடவில்லை. மூடியைத் திறக்காமல் இருந்தால் மீன் தாங்கும். அக்கா நம்பிக்கையில்லாமல் திறந்து திறந்து தொட்டுப் பார்த்தே பாதிக் குளிரை வெளியே விட்டார். மறுநாள் என் வஞ்சிரத்தை வாங்கிவரலாம் என்று நான் பிள்ளைச்சாவடிக்குப் போனபோது அவர் அழும் நிலையில் இருந்தார்.

"ஏமாத்திட்டானுவ தங்கச்சி. சூரியன் இருக்குது, கரண்டு இல்ல. என்னா நாயம் இது?"

எனக்கும் புரியவில்லை. வாசலுக்கு எதிரே லைன்மேன்கள் வந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். எத்தனை நேரம் ஆகுமோ என்று பொறுக்காமல், கோயில் திருவிழாவுக்கு லைட் போடுகிற நாராயணசாமியிடம் சொல்லி ஜெனரேட்டரை வரவழைத்திருந்தார் அக்கா. அது வாசலில் நின்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாராயணசாமி இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்த ஒரு ஒயரின் ஒரு முனையை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுமுனையை அக்காவிடம் நீட்டினார்.

"உள்ள எந்த பிளக்குல வேணா சொருகு. வீடு பூரா எரியும்."

பயந்த மனுஷிதான். மீன் போகிற கவலையில் பயம் போய்விட்டது. ஒயரை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"அக்கா! நில்லு! சொருகாத!"

கம்பத்தின் மேலிருந்து ஒருவர் கத்தினார். முத்துவேல் என்ற லைன்மேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதுமே இறங்கத் தொடங்கியிருக்கிறார். தரைக்கு வந்ததும் நேராக நாராயணசாமியிடம் போய் அதை நிறுத்தச் சொன்னார்.

"மெயின ஆஃப் பண்ணிட்டியாக்கா?"

"மெயினா? அத ஏன் தொடணும்?"

"அத ஆஃப் பண்ணாம இதச் சொருகினா, கரண்டு உன் வீட்டுக்குள்ள மட்டும் நிக்காது. மீட்டர் வழியா வெளிய ஏறி நான் புடிச்சிருக்கிற கம்பிக்கே வந்துரும். நாங்க லைன நிறுத்திட்டுதான் ஏறியிருக்கோம். நீ இங்கேருந்து அனுப்பினா நான் மேலயே போயிருவேன்."

அக்கா உள்ளே போகாமல் வாசற்படியை விட்டு இறங்கி வந்தார்.

"உன் சோலாரும் அதனாலதான் நின்னுச்சு" என்றார் முத்துவேல், சற்றுத் தணிந்த குரலில். "ஊருல கரண்டு போனா அது தானா நின்னுக்கும். கெட்டுப்போகல. கம்பத்துல இருக்கிறவன் உசுருக்காக அப்பிடி வச்சிருக்காங்க."

"தம்பி" என்றார் அக்கா. "அப்ப நிறுத்தின கம்பியில கரண்டு வருமா?"

அவர் அந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டு நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பதிலுக்காக நானும் காத்து நின்றேன்.

"இப்பிடி யாராச்சும் உட்டா வரும்க்கா."

"புயலப்பவும் வருமா?"

"புயலப்பதான் பயம் ஜாஸ்தி. டேங்குல தண்ணி ஏத்தணும்னு வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாடகைக்கு ஓடுச்சே."

அக்கா தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு கன்னியப்பன் விழுந்ததை, மாலை போட்டிருந்ததை, கருகின தடத்தை எல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். முத்துவேல் தலைகுனிந்து கேட்டார். "நான் பாக்கலக்கா, உறுதியா சொல்ல முடியாது. ஆனா கயிறு கைய கருக்காது" என்றார். பிறகு பெட்டியின் ஒயரையே வெளியே இழுத்து ஜெனரேட்டரில் நேராகச் சொருகிக் கொடுத்துவிட்டு, அது ஓடத் தொடங்கியதும் கம்பத்துக்குத் திரும்பினார். அக்கா பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்போனை என்னிடம் கொடுத்து அன்புசெல்விக்குப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்கப்பா குடிக்கலடி" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "கம்பியில கரண்டு வந்துதான் இருக்குது. யாரோ வீட்ல ஜெனரேட்டர சொருகியிருக்காங்க. இப்ப லைன்மேன் சொன்னாரு. நானே சொருகப் பாத்தேன்டி, அவர கொன்னுருப்பேன்." அந்தப் பக்கம் கம்பெனி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அன்புசெல்வி அழுகிறாளா, நம்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"யாரும்மா சொருகினது?" என்றாள் கடைசியில். "எந்த வீடு?"

அக்கா கையில் இன்னமும் இருந்த அந்த ஒயரைப் பார்த்தார்.

"என்ன மாதிரி ஒருத்திதான்டி" என்றார். "பாவம், அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்காது."