அங்கமுத்து திறக்காத பாக்கெட்

"கோட்டு முதலான ஆண்கள் உடை அனைத்தையும் பிழையின்றி வெட்டித் தைக்கும் தேர்ச்சி பெற்றவர்" என்று, அரியலூர் கடைத்தெருவில் அங்கமுத்துவின் தையல் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழ் சொன்னது.

அதை மாட்டிய மாதமே, ஒரு வாத்தியார் கோட்டின் மார்புப் பாக்கெட்டுக்கு வாய் வெட்டும்போது கத்தரி ஒரு நூல் அதிகம் போய், கோட்டே வீணானது. அதன்பின் அவர் பாக்கெட் வாயின் மேல் வரும் பட்டியை மட்டும் தைத்தார். வாய் வெட்டவில்லை, உள்ளே பையும் வைக்கவில்லை. வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாத பாக்கெட். இந்தப் பக்கத்தில் கோட்டு என்பது கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேல் ஏறி, மறுநாள் பெட்டிக்குள் இறங்குவது. அதில் யார் கையை விடப் போகிறார்கள்? பட்டியின் நேர்த்தியை யாராவது புகழும்போதெல்லாம் அவருக்குக் காது சுட்டது. அதனாலேயே இன்னும் நேர்த்தியாகத் தைத்தார்.

எழுபத்தொன்பதில், வாலிகண்டபுரத்தில் வேம்புவின் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டு அங்கமுத்து தைத்தது, பந்தியில் அவரும் இருந்தார். தாய்மாமன் ராசாங்கம் திருச்சியில் வாங்கிய பட்டுக் கைக்குட்டையை மாப்பிள்ளை மார்பில் செருகப் பார்த்தார். போகவில்லை.

"என்னடா, வாயே தொறக்க மாட்டேங்குது? ஒன்னைய மாதிரியே இருக்கே!"

"புதுக் கோட்டு மாமா. தச்சு மூடித்தான் குடுப்பாங்களாம்."

"அப்ப பிளேடு எடு. இரு, டைலரே இருக்காரே! வாங்க அங்கமுத்து, ஒங்க கையாலயே தொறந்து வுடுங்க."

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்த அங்கமுத்து, கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டு, கோட்டோடு வேம்புவை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பிளேடைக் கீழே வைத்தார்.

"தம்பி, இதுல பாக்கெட்டு இல்ல."

"புரியலீங்க."

"பட்டி மட்டுந்தான். எனக்கு வெட்ட பயம்."

வேம்பு பட்டியைத் தடவிப் பார்த்தான். அங்கமுத்து தரையைப் பார்த்தார்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க," என்றான் வேம்பு. "பெரம்பலூர் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு."

சற்று நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தபோது மார்பில் பட்டு மின்னியது.

"பாத்தியா? சர்டிபிகேட்டு வாங்குன கை!" என்றார் ராசாங்கம், கூட்டம் கேட்க. அங்கமுத்து மறுபடி பந்திக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்றும் அவர் கோட்டை வெட்டவில்லை. கைக்குட்டையைப் பாதியாக வெட்டி, பட்டியின் மேல்விளிம்பைப் பிரித்து, அந்தத் துண்டை வைத்து, சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசி நூலால் தைத்து மூடினார்.