கிருமிக்கு ஊர் கேட்ட ஜெயசுதா

ஜெயசுதாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தைக்கும் மேலே, பஸ் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் பிறந்தவள். அப்பா தாண்டவராயன் சாமையும் புளியும் ஒடுகத்தூருக்கு இறக்கி விற்றவர். மகள் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் படித்து, கீழே வந்து நுண்ணுயிரியல் பட்டம் வாங்கி, அதோடு நிற்காமல் மேலும் படித்தாள். "உங்க மலையில கரண்ட் இருக்கா?" என்று கல்லூரியில் ஒருத்தி கேட்டபோது, "கரண்டும் இருக்கு, மூளையும் இருக்கு. உனக்கு எது கொறையுது?" என்று திருப்பிக் கேட்டவள். அதற்குப் பிறகு அவளிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

இன்று சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிருமிகளின் மரபணுவை வாசிப்பது அவள் வேலை. ஒரு நோய்க்கென்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், உள்ளே படுத்திருக்கும்போதே இன்னொரு நோயை வாங்கிக்கொள்வது உண்டு. அதைக் கொடுக்கிற கிருமிகள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து, மருந்துகளைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவை. அவற்றைப் பிடித்து, அவற்றின் மரபணு எழுத்துகளை ஒன்று விடாமல் படித்து, எது எதற்குச் சொந்தம், எது எங்கிருந்து வந்தது என்று ஜெயசுதா சொல்லிவிடுவாள். மலையிலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ளட்டுமே, இதிலென்ன தப்பு?

போன மழைக்காலத்தில் பச்சைக் குழந்தைகள் வார்டில் மூன்று குழந்தைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல் கண்டது. மூன்றுக்கும் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்கிற கிருமி. வழக்கமான மருந்து எதற்கும் அது மசியவில்லை. கடைசியாக மிச்சமிருந்த ஒரு மருந்துதான் குழந்தைகளைப் பிடித்துவைத்திருந்தது. விஷயம் அதோடு போகவில்லை. மூன்றும் மலைக் குழந்தைகள். மூன்றின் மணிக்கட்டிலும் வசம்புத் துண்டு கோத்த கயிறு. கீழ்நாட்டுப் பெண்களும் வசம்பு கட்டுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் சிஸ்டர் சொன்னால் கழற்றிவிடுவார்கள். மலைப் பெண்களோ கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி கட்டிவிடுவார்கள்.

அந்த வசம்பைச் சோதித்தார்கள். அதிலும் கிளெப்சியெல்லா!

"மூணு கொழந்தையும் மலைக் கொழந்தை. வசம்புலயும் அதே கிருமி. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார் வார்டு பொறுப்பிலிருந்த ஷோபனா சிஸ்டர். கெட்ட மனசு கிடையாது அவருக்கு. மூன்று குழந்தைகளையும் பார்த்துப் பார்த்துத் தூக்கமில்லாமல் நொந்துபோயிருந்தார். மலைத் தாய்மார்கள் உள்ளே வரக்கூடாது, பாலைப் பீய்ச்சி வாசலில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

மூவரில் கன்னியம்மாளுக்குத்தான் அது தாங்கவில்லை. தலைப்பிரசவம். கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றவளை அவள் புருஷன் வெற்றிவேல் தோளைப் பிடித்து இழுத்தான்.

"போதும் வா. நம்மள நோய்க்காரங்கன்றாங்க. புள்ளயத் தூக்கிக்கினு வூட்டுக்கே போயிடலாம். மத்த ரெண்டு பேரும் அதத்தான் சொல்றாங்க."

அந்தப் பக்கமாக வந்த ஜெயசுதாவின் காதில் அது விழுந்தது. மருந்தைப் பாதியில் நிறுத்தி அந்தக் குழந்தைகளை மலைக்குத் தூக்கிப்போனால், ஒன்றுகூடப் பிழைக்காது.

"தம்பி, கொஞ்சம் நில்லு. நானும் மலைக்காரிதான். பீஞ்சமந்தைக்கு மேல எங்க வூடு," என்றாள். "இந்தக் கிருமி எங்கருந்து வந்துச்சுன்னு நான் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் புள்ள மேல கைய வெக்காத."

"கிருமி வாயத் தொறந்து சொல்லுமாக்கா?" என்றான் வெற்றிவேல் கடுப்போடு.

"நான் கேட்டா சொல்லும்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதைத்தது. ஒருவேளை வசம்புதான் காரணம் என்று வந்துவிட்டால்? மலைப் பெண் ஒருத்தியே அதைச் சொன்னதாக ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அப்புறம் மலையிலிருந்து யார் பிரசவத்துக்குக் கீழே இறங்குவார்கள்? ஆனாலும் படித்துத்தானே ஆகவேண்டும். மூன்று குழந்தைகளின் கிருமியையும், வசம்பின் கிருமியையும், முந்தைய வருஷங்களில் பிடித்து உறைபெட்டியில் போட்டுவைத்திருந்த பழைய கிருமிகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அரைக்கோடிக்கும் மேல் எழுத்து. இயந்திரம் படித்துக் கொட்டியதைக் கணினியில் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டாள்.

திரையைப் பார்த்ததும் "அடி சக்கை!" என்று கத்தியேவிட்டாள்.

குழந்தைகளின் கிருமி மூன்றும் கூடப்பிறந்தவை. ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம். வசம்பில் இருந்ததற்கும் அவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம். அது மண்ணில் கிடந்த சாதுக் கிருமி, எந்த மருந்துக்கும் சாகும். குழந்தைகளின் கிருமிக்கு நெருங்கிய உறவோ உறைபெட்டியிலேயே இருந்தது. கன்னியம்மாளுக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்னால் இதே வார்டில் பிடித்தது.

"எங்க மலையில தாண்டவராயன்னு பேரு உள்ளவங்க ஊருக்கு ரெண்டு பேரு இருக்காங்க சார்," என்றாள் தலைமை மருத்துவர் கோபால்சாமியிடம். "ஒருத்தர் திருடினா எங்கப்பாவப் புடிப்பீங்களா? பேரு ஒண்ணுதான், ஆளு வேற. இது நம்ம ஆஸ்பத்திரிக் கிருமி. இங்கயே எங்கியோ குடியிருக்குது."

வார்டை அலசினார்கள். கை கழுவும் தொட்டியின் வடிகுழாய்க்குள் வழவழவென்று படிந்திருந்த அழுக்கில் அது கையும் களவுமாகப் பிடிபட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஜெயசுதா மட்டும் விடவில்லை. தொட்டி எல்லோருக்கும் பொது. அப்படியானால் மலைக் குழந்தைகளை மட்டும் ஏன் பிடித்தது?

தொட்டியின் முன்னால் போய் நின்றாள். பக்கத்து மேசையில், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கழுவுவதற்கென்று கொதித்து ஆறிய தண்ணீர் மூடிவைத்திருந்தது. கீழ்நாட்டுத் தாய்மார்கள் அதில் கழுவினார்கள். அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. மலையில் யார் நின்ற தண்ணீரில் கழுவுவார்கள்? ஓடுகிற தண்ணீர்தான் சுத்தம். ஓடையைப் பார்த்து வளர்ந்த பெண்கள் குழாயைத் திறந்து, பாலாடையைத் தொட்டிக்குள் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் நேரே வடிகுழாயில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று குழந்தைகளின் பாலாடைகளையும் சோதித்தாள். அதே கிருமி.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வசம்பு தப்பித்தது, மலையின் மானமும் தப்பித்தது. ஆனால் சொல்லாவிட்டால் அடுத்து வரும் மலைப் பெண்ணும் இன்னொரு குழாயைத்தான் தேடிப்போவாள். கூட்டத்தில் எழுந்து நின்று, ஒளிக்காமல் சொன்னாள். "அவங்க சுத்தமா இருக்கணும்னுதான் அப்படிக் கழுவினாங்க. தெறிக்கிற மாதிரி தொட்டி கட்டினது நாம. இந்த எடத்துல ஓடுற தண்ணி ஆவாதுன்னு அவங்ககிட்ட ஒருத்தராவது சொன்னோமா?" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். கோபால்சாமி அன்றைக்கே தொட்டியைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். ஷோபனா சிஸ்டர் தானே போய்க் கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, எம்மேல கோவிச்சுக்காத," என்று கன்னியம்மாளைக் கூப்பிட்டார்.

கன்னியம்மாளிடம் ஜெயசுதாதான் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் வெளிறிப்போனது.

"அப்போ எங்கையாலதான் எம்புள்ளைக்கு வந்துச்சாக்கா?"

இல்லை என்ற சொல் ஜெயசுதாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கையில வந்துச்சு கன்னிம்மா. ஆனா உங்கிட்டருந்து வர்ல."

கன்னியம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜெயசுதாவும் அழுதாள், அதிலென்ன வெட்கம்? பிறகு கன்னியம்மாள் கண்ணைத் துடைத்து, கையைச் சுத்தம் செய்துகொண்டு, குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். இரண்டு வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கும் காய்ச்சல் விட்டது.

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, வேறொரு மலைப் பெண் பிரசவம் முடிந்து அந்த வார்டுக்கு வந்திருந்தாள். பாலாடையும் கையுமாகக் குழாயைத் தேடியவளைக் கன்னியம்மாள் ஓடிப்போய்த் தடுத்தாள்.

"ஓடுற தண்ணி நம்ம ஊருல நல்லது. இங்க ஆவாது. இந்தக் கொதிச்ச தண்ணியிலதான் கழுவணும், ஆமா."

"யாரு, டாக்டரு சொன்னாரா?" என்றாள் வந்தவள், நம்பாமல்.

பின்னால் ஜெயசுதா நிற்பது கன்னியம்மாளுக்குத் தெரியாது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்:

"டாக்டருக்கே சொன்னது எங்கக்கா. நம்ம மலைக்காரி!"