பச்சை கவுன் போட்ட பொம்மை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன், “வாம்மா, புதுசா திறந்திருக்காங்க” என்று அந்த ஃபுட் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு இடமே புரிந்தது. கண்ணாடியும் கலர் லைட்டுமாக அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தார்கள். ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டு. உள்ளே ஒரு பக்கம் பரோட்டா, ஒரு பக்கம் மோமோ, இன்னொரு பக்கம் பேரு வாயில் நுழையாத என்னென்னவோ. தோசையை ஒரு விள்ளல் பிட்டிருப்பேன், மேலே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது. விள்ளல் கை நழுவி விழுந்து, சட்னி புடவையில் சிந்திவிட்டது.

“அது மிஷின்மா” என்றான் மகன். மிஷின் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஸ்பீக்கர் தொங்குகிற மூலையில்தான் என் ஸ்பீக்கரும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இந்தக் கட்டடத்தில் மைக்கில் பேசுகிற வேலை பார்த்தேன். அப்போது இது டிபார்ட்மென்ட் ஸ்டோர். கீழே மளிகையும் பாத்திரமும், மாடியில் துணியும் பீங்கான் சாமானும். பீங்கான் செய்கிற விருத்தாசலத்திலேயே பீங்கானைக் கடையில் வந்து யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். வாங்கினார்களே! ஸ்ரீமுஷ்ணம், கம்மாபுரம் பக்கத்திலிருந்து துணியெடுக்க வருகிறவர்கள் ஷோகேஸில் வைக்க ஒரு பொம்மையாவது வாங்காமல் பஸ் ஏற மாட்டார்கள். மைக் ரூம் என்று பெருசாகச் சொல்கிறேனே தவிர, படிக்கட்டுக்கு அடியில் ஒரு பலகைத் தடுப்பு, சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். குரலைக் கேட்டு மயங்கி, ஆளைப் பார்க்க எட்டிப் பார்த்து, “இவங்களா?” என்று முகம் சுருங்கிப் போனவர்கள் நிறைய பேர்.

தள்ளுபடியைச் சொல்வதைவிட, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைச் சேர்த்து வைப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. பாதிப் பிள்ளைகள் பேர் கேட்டால் பாப்பா என்றுதான் சொல்லும். கடை முழுக்கப் பாப்பாதான். அதனால் நான் பிள்ளையை ஸ்டூலில் ஏற்றி, மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, “அம்மான்னு கூப்பிடு” என்பேன். அது ஒரு இழு இழுக்கும். கடையில் இருக்கிற அத்தனை பொம்பளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருத்தி மட்டும் ஓடி வருவாள். பிள்ளை மாறினது கிடையாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், துணிப் பிரிவுப் பெண் ஒருத்தி ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். ஐந்தாறு வயசு இருக்கும். பச்சை கவுன், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அழவில்லை. அதுவே எனக்குப் புதுசாக இருந்தது. ஸ்டூலில் ஏற்றி, மைக்கை நீட்டி, “அம்மான்னு கூப்பிடு கண்ணு” என்றேன். அது இரண்டு கையாலும் மைக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டது. பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், மிட்டாய் கொடுத்தேன். வாயே திறக்கவில்லை. கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று ஸ்டூலிலிருந்து வழுக்கி இறங்கி, மேஜைக்கு அடியில் நுழைந்து என் காலைக் கட்டிக்கொண்டது. நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. பார்த்தால் பேங்க் உத்தியோகஸ்தர் என்று எழுந்து நிற்கத் தோன்றும்.

“எம் பொண்ணு காணோங்க. பச்சை கவுனு, முன்பல்லு இல்ல. அவ அம்மாவையும் சேத்துக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க” என்றார். சத்தமே இல்லாத, மரியாதையான பேச்சு.

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் என் பாதத்தில் சூடாக ஏதோ வழிந்தது. பிள்ளை பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டது. அவர் யாரோ என்னவோ, எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தகப்பனைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படி நடுங்குமா?

“இன்னும் யாரும் வரலைங்க. வந்தா சொல்றேன்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அவர் குனிந்து ஜன்னல் வழியாக என் மேஜையைப் பார்த்தார். மேஜை விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது, நல்ல வேளை. “சரிங்க. நான் வாசல்லயே நிக்கிறேன். வெளிய போறதுக்கு ஒரே வாசல்தானே?”

“ஆமாங்க” என்றேன்.

பொய். மைக் ரூமுக்குப் பின்னால், மாடியிலிருந்து பின்படி இறங்குகிற பேக்கிங் ரூம் இருந்தது. அதற்குப் பின்னால் சரக்கு இறக்குகிற வாசல் ஒன்று சந்தில் திறக்கும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேக்கிங் ரூமுக்குப் போனேன். பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றுகிற ஏழுமலை அண்ணன் இருந்தார். அவர் பிள்ளையின் நனைந்த கவுனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “வுட்டுட்டுப் போம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார். வைக்கோல் குவியலைக் கையால் ஒதுக்கிப் பிள்ளையை உட்கார வைத்தார்.

இனி அம்மாவைக் கூப்பிட வேண்டும். பச்சை கவுன் என்று சொன்னால் வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும். மைக் ரூமுக்குத் திரும்பி வந்து மைக்கைப் பிடித்தேன். எப்படித் தோன்றியதோ, சொல்லிவிட்டேன்: “வாடிக்கையாளர் கவனத்திற்கு. பீங்கான் பொம்மை ஒன்று மாடியில் மறந்து விடப்பட்டுள்ளது. பச்சை உடை. வாய்ப் பக்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. உரிமையாளர் பின்படி வழியாக பேக்கிங் அறைக்கு வரவும்.”

சொல்லி முடித்ததும்தான் பயம் முழுசாகப் பிடித்தது. நான் பொம்மை என்று சொன்னது அவருக்கும் புரிந்துவிட்டால்? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் வெள்ளைச் சட்டை திரும்பி ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தது. நகரவில்லை. நான் பேக்கிங் ரூமுக்கு ஓடினேன். முதலில் இறங்கி வந்தது பருமனான ஒரு அம்மா. “எங்க பொம்மைக்கும் பச்சை ட்ரெஸ்ஸுதான், ஆனா அது ஒடையலையே” என்று பையைப் பிரித்துக் காட்டினாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாருங்கள். அவளைச் சமாளித்து அனுப்பினேன்.

அப்புறம் படியில் மெதுவாக ஒரு காலடிச் சத்தம். ஆம்பளைக் காலா, பொம்பளைக் காலா, தெரியவில்லை. ஏழுமலை அண்ணன் பிள்ளைக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வந்தது ஒரு பெண். கையில் பை இல்லை, தலை கலைந்திருந்தது, காதோரம் பழைய காயம் ஒன்று. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பொம்மை என்னுதுங்க” என்றாள்.

வைக்கோலுக்குள்ளிருந்து பிள்ளை எழுந்து வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டது. அப்போதும் சத்தம் இல்லை. சந்தில் பொம்மை லோடு ஏற்றின டெம்போ ஒன்று நின்றது. “வேப்பூர் வரைக்கும் போவுது. அங்க ஹைவேஸு, எந்தப் பக்கத்துக்கும் பஸ்ஸு இருக்கும்” என்றார் ஏழுமலை அண்ணன். அவள் என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அந்த ஆள் ஷட்டர் இறக்குகிற வரைக்கும் வாசலில் நின்றார். போகும்போது ஜன்னலுக்கு வந்து, “ரொம்ப நன்றிங்க” என்றார். அந்த நன்றிக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து, தீபாவளி போய்ப் பொங்கல் வந்த பிறகும் நான் தனியாக வீட்டுக்கு நடந்து போகவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் குரலை அந்த மைக்கில் விட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் குரலை மட்டும் கேட்டதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபுட் ஹாலில், தோசைக்கு அப்புறம் டீக்கடைக்காரர் பீங்கான் கப்பை அழகுக்காக வைக்கோல் பரப்பின தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த வைக்கோல் வாசனை பட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. “கை கழுவிட்டு வரேன்” என்று மகனிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குப் பின்னால் போனேன். பலகைத் தடுப்பு இல்லை. பேக்கிங் ரூம் இருந்த இடத்தில் ஜூஸ் கடை. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் இலையெல்லாம் ஒட்டின ஒரு சுவர், பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன். கெட்டிச் சுவர்.

மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், “என்னம்மா தேடறீங்க?” என்றாள்.

“இங்க ஒரு வாசல் இருந்துச்சே. சந்துப் பக்கம்.”

“இல்லீங்களே. வெளிய போறதுக்கு ஒரே வாசல்தான்” என்றாள்.