பிரிசில்லா சொல்லாத பெயர்

பிரிசில்லாவை எங்கள் பட்டறைக்கு இன்சார்ஜ் ஆக்கி இந்த ஆடியோடு ஒரு வருஷம் முடிகிறது. கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பு கடைகிற மூன்று சி.என்.சி. மெஷின், ஒன்பது ஆட்கள், எல்லாம் அவள் சொன்னபடிதான். "நேத்து வந்த பொண்ணு" என்று முணுமுணுக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். வாய் இருக்கிறவனெல்லாம் மெஷின் ஓட்டிவிட முடியாது. நான் இங்கே எலக்ட்ரீஷியன், பெயர் வைத்திலிங்கம், சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். அவளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எனக்குப் பெருமை சேர்க்கிற காரணம் இல்லை.

கடலூரை ஒட்டி, குடிகாட்டுக்குப் பக்கத்தில், பெரிய கெமிக்கல் கம்பெனிகளுக்கு நடுவில் எங்கள் பட்டறை. அந்தக் கம்பெனிகளின் பம்புகளுக்கு ஸ்லீவ் என்கிற இரும்பு உறை கடைந்து கொடுக்கிறோம். பிரிசில்லா வந்தது 2007இல். கடலூர் முதுநகர்க்காரி, அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படித்தாள். மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேருக்கு இரண்டே பெண்கள். நேர்முகத்துக்கு வந்தவளிடம் முதலாளி சுப்புராயன், "பில்லு போடத் தெரியுமா?" என்றுதான் கேட்டார். "தெரியாது சார். மெஷின் ஓட்டத் தெரியும்" என்றாள்.

ஓட்டினாள். நாற்பது வரி புரோகிராமைத் தாளைப் பார்க்காமல் தட்டுவாள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடிவிட்டால் அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். மெஷின் கதவைக்கூடத் தூங்குகிற பிள்ளை இருக்கிற அறைக்கதவு மாதிரி சாத்துவாள். சாப்பாட்டு வேளையில் மீன் குழம்பை முதலில் என் சோற்றில்தான் ஊற்றுவாள். "அண்ணே, முள்ளு பாத்து" என்பாள். எனக்குத் தங்கை கிடையாது. இருந்திருந்தால் இவ்வளவு பார்த்துச் சொல்லியிருப்பாளா, தெரியாது.

இனி 2009 ஆயுத பூஜை விஷயத்துக்கு வருகிறேன். பூஜை அன்று காலையில் மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மெயினை அணைத்துவிடுவோம். அதன் பிறகு மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. சாமிக்கு வைத்ததை எடுத்துப் புழங்கினால் ஆகாது என்று எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்தான். மெயினை அணைக்கிறது வருஷா வருஷம் என் வேலை.

அன்றைக்கு பிரிசில்லா சற்றுத் தாமதமாக வந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மாலை போட்ட மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து மெயினைப் போட்டேன். மற்ற இரண்டும் உயிர் பெற்றன. பிரிசில்லாவின் மெஷின் திரையில் மட்டும் சிவப்பு எழுத்துகள் ஓடின. புரோகிராம் ஒன்றுகூட இல்லை. எந்தப் பாகம் எவ்வளவு தூரம் நகரலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்த எண்கள் எல்லாம் பூஜ்யம். நேற்று வரைக்கும் சொன்னதைச் செய்த மெஷினுக்குத் தன் பெயரே மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு ஸ்லீவ் போக வேண்டும். சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து வர ஐந்து நாளாகும் என்றார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"மெயின ஆஃப் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"போன மாசந்தான் மோட்டார எரிச்ச. இப்ப இது. கெளம்பு. நாளையிலேருந்து வராத."

வருஷா வருஷம் நீங்கள் சொல்லித்தானே அணைக்கிறேன் என்று கேட்க வாய் வரவில்லை. என் பெரிய பெண் அப்போது பத்தாவது, சின்னவள் ஆறாவது. டிபன் பையை எடுத்துவிட்டேன்.

"அவரப் போவச் சொல்லாதீங்க சார்" என்றாள் பிரிசில்லா. "தப்பு என்னுது."

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தாள். விஷயம் இதுதான். கரண்ட் இருக்கிறவரை மெஷினின் நினைவைக் கரண்ட் காப்பாற்றும். அணைத்துவிட்டால் உள்ளே இருக்கிற பேட்டரி காப்பாற்றும். அந்தப் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று திரையின் ஓரத்தில் எட்டு நாளாக ஒரு எழுத்து மின்னியிருக்கிறது. நான் ஃபியூஸைப் பார்க்கிறவன், திரையைப் பார்க்கிறவன் இல்லை. அவள் பார்த்திருக்கிறாள். கடலூரில் கிடைக்காமல் சென்னையில் இருக்கிற தோழியிடம் சொல்லி பஸ்ஸில் வரவழைத்திருக்கிறாள். வந்து சேர்ந்தது பூஜை அன்று காலையில். மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் அதை மாற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை. அவள் வந்து பார்த்தபோது மெஷின் மாலையோடு அணைந்திருந்தது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" என்று முதலாளி கத்தினார்.

"போன வருஷம் பூஜயில என் மெஷினுக்குச் சந்தனம் வைக்கப் போனேன் சார். 'ஒனக்கெதுக்கும்மா இதெல்லாம், நீ போயி ஜெபம் பண்ணு'ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வருஷம் போயி, சாமிக்கு வெச்ச மெஷின ஆன் பண்ணுங்கன்னு நான் எப்பிடிச் சார் சொல்றது?"

முதலாளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"யாரு அப்பிடிச் சொன்னது?"

பிரிசில்லா தரையைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல சார்."

நாற்பது வரி புரோகிராமைத் தாளில்லாமல் தட்டுகிறவளுக்கு ஞாபகம் இல்லையாம். சொன்னது நான். சும்மா கேலிக்குச் சொன்னேன். சொன்ன அன்றே மறந்தும் போனேன். போன வருஷம் அவள் சந்தன விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நகர்ந்தது அந்த நிமிஷத்தில்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கையிலிருந்த டிபன் பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை.

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மொதல்ல மெஷின ஓட வைங்க. யாரு இருக்கறது, யாரு போறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

புதுப் பேட்டரியைப் போட்டோம். மெஷின் கேபினெட் கதவின் உட்புறம், பிளாஸ்டிக் உறைக்குள், கம்பெனிக்காரன் கொடுத்த தாள்கள் இருந்தன. ஆயிரத்துச் சொச்சம் எண்கள். எங்கே தொடங்குவது என்று சர்வீஸ் ஆள் போனில் சொன்னான். நான் படித்தேன், அவள் தட்டினாள். ஒரு இலக்கம் தவறினாலும் இரும்பை வெட்டுகிற டூல் போய் மோதும் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அதுல ஒரு சைபர விட்டுட்டீங்க."

"ஆமாம்மா. சைபர் ஒண்ணு ஜாஸ்தி போடு."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம் போல என் சோற்றில்தான் முதலில் குழம்பை ஊற்றினாள். கோபித்துக்கொண்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைசி எண்ணும் உள்ளே போயிற்று. ஸ்லீவ் புரோகிராமை அவள் மனதிலிருந்தே தட்டினாள். முதலில் இரும்பு வைக்காமல் ஓட்டிப் பார்த்தாள், பிறகு வைத்து ஓட்டினாள். கதவைத் திறந்து, சூடு ஆறுகிறவரைக்கும் காத்திருந்து, அளவு பார்க்க மைக்ரோமீட்டரைப் பிடித்தாள். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"சரியா இருக்குது சார்" என்றாள்.

முதலாளி தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். "சரி சரி. ரெண்டு பேரும் இருங்க, வேலயப் பாருங்க" என்று வண்டிச் சாவியை எடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் என் வேலை பத்திரம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "போன வருஷம் அந்தப் பொண்ண அப்பிடிச் சொன்னது நான்தான்."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "நேத்தே ஏம்மா சொல்லல?"

"நேத்துச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்க சார். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க."

முதலாளி சாவியை விரலில் சுற்றினார். பிறகு என்னைப் போகச் சொல்லாமலே வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "அன்னிக்கு வீட்டுக்குப் போயி அழுதேண்ணே" என்றாள்.

நான் வீடு வரைக்கும் போகவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும் அழுதேன்.