எதிர்நீரில் வந்த மிதவை

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆவி கீவி என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கே மனைவி இழுத்தால்தான் போவேன். என் வேலை கடலை அளப்பது. அளந்து பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எண்ணெய் விலை ஏறி எல்லோரும் மிரண்டு போயிருந்த நேரம். நம் கடலில் காற்று, அலை, நீரோட்டம் இவற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. காற்றும் அலையும் தேறாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மிச்சம் தென்தீவுகளுக்கு நடுவே ஓடும் நீரோட்டம்தான். அதன் வேகத்தை அளக்கும் கருவியைக் கடலடியில் வைத்திருந்தோம். அதை இறக்குவதும் எடுப்பதும் முக்குளிப்பாளர் சேவியரின் வேலை. புக்கிட் மேராவில் வீடு, மனைவி ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டான்.

கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அப்போதுதான் இறங்க வேண்டும். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது, அவர்களிடம் கருவியைக் காட்ட வேண்டும் என்று எங்கள் எஞ்சினியர் பாலகிருஷ்ணனுக்கு அவசரம். இன்னும் இழுக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம் என்று சேவியர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். "இத்தனை வருஷம் டைவிங் பண்ணிட்டு இப்ப பயமா?" என்றார் அவர். சேவியர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு இறங்கினான். அவனைக் கட்டியிருந்த கயிறு மட்டும்தான் மேலே வந்தது.

போலீஸ் படகுகள் தேடின, தீவுக்காரர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கமும் இல்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய், இந்தோனேசியாப் பக்கம் அவனுக்கு வேறு குடும்பம் ஏதாவது உண்டா என்று நாசூக்காகக் கேட்டிருக்கிறார். அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்கில் இருந்தவர்களுக்கு அது போதும், ஆள் நீந்தி ஓடிவிட்டான் என்றே பேச ஆரம்பித்தார்கள்.

அந்த வாரமே எங்களை மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை மிதவை விடுகிற வேலை. மேலே ஆரஞ்சு நிற மிதவை, அடியில் கயிற்றில் தொங்கும் கித்தான் துணி. நீரோட்டம் துணியைத் தள்ளிக்கொண்டு போகும், நாங்கள் பின்னாலேயே போய் வேகத்தைக் குறிப்போம். படகில் மூன்று பேர்: நான், பாலகிருஷ்ணன், படகோட்டி பாக் மான். அவர் பக்கத்துத் தீவு மலாய்க்காரர், வயதானவர். நல்ல வெயில், பட்டப்பகல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மிதவைகளை ஒன்றாக விட்டோம். தண்ணீர் மேற்கே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று ஒழுங்காக மேற்கே போனது. மற்றது கொஞ்சம் போய் நின்றது, பிறகு கிழக்கே திரும்பி ஓட்டத்துக்கு எதிராகவே நகர ஆரம்பித்தது. காற்றில்லை, பக்கத்தில் கப்பல் இல்லை. பாக் மான் எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் பின்னால் போகலாம் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பாலகிருஷ்ணன் கேட்கவில்லை. "துணி எதிலயோ சிக்கியிருக்குலா. அத விடு, ஒழுங்கா போறது பின்னாடி போ" என்றார். போனோம்.

வேலை முடிந்து திரும்பி வந்தால் அது நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. ஓடுகிற தண்ணீர், நட்டுவைத்த கம்பத்தில் மோதுவதுபோல இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. எங்கள் படகு கிட்டே போனதும் மறுபடி நகர்ந்தது. இந்த முறை பாலகிருஷ்ணனே பின்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார். மிதவை ஒரு சின்னத் தீவின் அலையாத்தி வேர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த வேர்களுக்குள்தான் சேவியர் கிடந்தான். போலீஸ் நன்றாகத் தேடிய இடம் அது; நானும் கூடப் போயிருந்தேன்.

போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு மிதவையைத் தூக்கிப் படகில் போட்டேன். மிதவை பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, போகிற வழியில் பார்த்தோம் என்று சொன்னால் போதும் என்றார் பாலகிருஷ்ணன். அப்படியே சொன்னோம். பாக் மான் அதற்குப் பிறகு எங்கள் வேலைக்கு வரவே இல்லை. ஸ்டெல்லாவை அவர் பார்த்ததும் கிடையாது.

சேவியரை அவன் புளோக்குக்குக் கீழே மூடிய பெட்டியில் வைத்திருந்தார்கள். ஓடிவிட்டான் என்று பேசியவர்களே வரிசையாக வந்து ஜெபம் சொன்னார்கள். ஸ்டெல்லா அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"முதல் தடவ அவரு கூப்பிட்டப்ப நீங்க வரலையாமே, அண்ணே."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கையில பிடிக்க வேற எதுவும் இல்லையாம். அந்தத் துணியத்தான் பிடிச்சிக்கிட்டு நின்னாராம்" என்றாள். பிறகு போய்ப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணெய் விலை இறங்கியதும் அந்தத் திட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள். நம் நீரோட்டத்துக்குப் போதிய பலம் இல்லை என்பதுதான் கடைசி முடிவு. ஓர் ஆளைக் கொல்கிற அளவுக்கு மட்டும் பலம் இருந்திருக்கிறது. பாலகிருஷ்ணன் பதவி உயர்ந்து போனார். அந்த மிதவை பழுது என்று எழுதி, அன்றைக்கு அது காட்டிய அளவுகளை நீக்கிவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் ஜூரோங்கில் எங்கள் ஸ்டோருக்குப் போய் அந்த மிதவையை எடுத்துப் பார்த்தேன். துணி காய்ந்து உப்புப் பூத்திருந்தது, எங்கும் கிழிசல் இல்லை. ஓரத்தில் மட்டும் ஓர் இடம், கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்ததுபோலக் கசங்கியிருந்தது. நல்ல தண்ணீரில் அலசி, உள்ளங்கையால் நீவிவிட்டு, வெயிலில் விரித்துப் போட்டேன். சாயந்திரம் போய்ப் பார்த்தபோது துணி முழுக்கக் காய்ந்திருந்தது. அந்த ஓரம் மட்டும் மறுபடி கசங்கி, ஈரமாக இருந்தது.