மூன்று அடிக்கற்கள்

புத்தூர் தாண்டி ஒரு சந்தி. உச்சி வெயிலில் பருத்தித்துறை பஸ்ஸுக்காக நிற்கிறேன். தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. கூரைக்காக நாட்டிய அடிக்கற்கள் மட்டும் மூன்று இருக்கின்றன. முழங்கால் உயரச் சீமெந்துக் கட்டைகள். மூன்றிலும் ஒரே பெயர். முதல் கல்லில் அவர் பிரதேச சபை உறுப்பினர், அடுத்ததில் அந்தச் சபைக்கே தவிசாளர், மூன்றாவதில் மாகாண சபை உறுப்பினர். பஸ்ஸுக்கு முன்பே வந்தவர்கள் கல்லுக்கு ஒருவராக வசதியாக அமர்ந்திருக்கிறார்கள். எனக்குத்தான் இடமில்லை.

மாகாண சபைக் கல்லில் இருக்கும் வெங்காய வியாபாரியிடம் எரிச்சலோடு கேட்கிறேன்: "அண்ணை, இந்த மனுசன் ஒண்டுமே கட்டேல்லையோ?"

"இல்லைத் தம்பி. இப்ப பாராளுமன்றத்துக்கு வோட்டுக் கேக்கிறார். கட்டாயம் வெல்ல வேணும்."

"ஏனண்ணை?"

"வெண்டால்தானே நாலாவது கல்லு வரும்! நீங்களும் எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?"